நெஃப்ட்டா, ஆர்டிஜிஎஸ்ஸா?

இரண்டும் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் வழிகள்; ரிசர்வ் வங்கி நடத்துபவைதான். பணம் அனுப்பும் கட்டளைகளைக் கையாளும் விதம்தான் வேறு. நெஃப்ட் கட்டளைகளைச் சேர்த்துவைத்து, அரை மணிக்கு ஒரு தொகுதியாக நாளுக்கு 48 முறை தீர்க்கிறது, அதாவது வங்கிகளுக்கிடையே கணக்கை நேர்செய்கிறது. ஒரு வங்கி 10 லட்சம் அனுப்ப வேண்டும், 8 லட்சம் பெற வேண்டும் என்றால் நகர்வது 2 லட்சம்தான். 10.05-க்கு அனுப்பிவிட்டு 10.06-க்கே 'பணம் வரலையே' என்று பதறுவதில் அர்த்தமில்லை. தொகுதி தீர்ந்து 2 மணி நேரம்வரை பெறும் வங்கிக்கு அவகாசம் உண்டு.

ஆர்டிஜிஎஸ் ஒவ்வொன்றையும் தனித்தனியே, முழுத்தொகையாக, உடனே தீர்க்கும். குறைந்தபட்சம் 2 லட்சம். பத்திரப்பதிவு நாளில் இதுதான் சரி. வாடகைக்கு நெஃப்ட் போதும்.

கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் பிசகி, அது வேறொருவருடையதாக இருந்துவிட்டால் இரண்டிலுமே தலைவலிதான். யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கிடைக்கும் அடையாள எண்) கையில் வைத்துக்கொள்ளுங்கள்: நெஃப்ட்டில் 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ்ஸில் 22.