உதறும் ஏழு சீட்டர்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் வாரண்டி அலைச்சலும்

நான் வைத்திருக்கும் இந்த ஏழு சீட்டர் டீசல் ஆட்டோமேட்டிக்கின் பழைய வண்டி விலை நன்றாக இறங்கிவிட்டது. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து "எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். மைலேஜ், சிசி, ஏர்பேக் எல்லாம் தெரிந்த கதை. கியர்பாக்ஸைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஆறு கியரும், எஞ்சின் இழுவையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் வைத்த எந்த வண்டிக்கும் இந்த வியாதி வரலாம், சோதிக்கும் முறையும் ஒன்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டுக் குடும்பத்துக்கு இதைவிடத் தோதான வண்டி இந்த விலையில் கிடையாது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தார் கோயில்களைச் சுற்றி வரும்போது ஆச்சிமார் ஒவ்வொரு கோயிலிலும் ஏறி இறங்க வேண்டும். தரை உயரம் கச்சிதம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டியதில்லை. மூன்றாவது வரிசைக்குக் கூரையிலிருந்தே ஏசி வருகிறது, சித்திரை வெயிலிலும் பின்னால் இருப்பவர்கள் வாடுவதில்லை. கடைசி சீட்டை மடக்கினால் சீர்ச் சாமானில் பெரிய அண்டா வரை உள்ளே போகும். எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

குறை உதறல்தான். 60-லிருந்து 80 கி.மீ. வேகத்துக்குள், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி ஒரே சீராகப் போகும்போது, ரோட்டில் வெள்ளைப் பட்டை பட்டையாகப் போட்ட வேகத்தடையின் மேல் ஓடுவதுபோல இரண்டு மூன்று நொடி தடதடக்கும், பிறகு நின்றுவிடும். திருமயத்திலிருந்து காரைக்குடி வரும் சாலையில் இதை நன்றாகப் பார்க்கலாம். அழுத்தி மிதித்தால் வராது, காலை எடுத்தாலும் வராது. அதனால்தான் பலர் இதை டயர், பேலன்சிங், எஞ்சின் மவுண்டிங் என்று தேடிக்கொண்டே வாரண்டிக் காலத்தைத் தொலைக்கிறார்கள்.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். உதறும்போது ஆக்சிலரேட்டரில் வலது காலை அசைக்காமல், இடது கால் நுனியால் பிரேக் பெடலைத் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிந்தால் போதும், பிரேக் பிடிக்கக் கூடாது. பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்ட கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் அந்தக் கணமே விடுபடும், எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் 200, 300 ஏறும். முள் ஏறியதும் உதறலும் நின்றால் சந்தேகமே வேண்டாம், கோளாறு அங்கேதான். டயர் பேலன்சிங் கோளாறு பிரேக்கைத் தொட்டதும் நிற்காது. ஸ்டியரிங்கில் தெரியும், வேகத்தைப் பொறுத்து வரும். எஞ்சின் மிஸ்ஃபயர் என்றால் பாரம் ஏறி இழுக்கும்போதுதான் அதிகமாகும்.

காரணம் இதுதான். லாக்கப் கிளட்ச் ஒரேயடியாகப் பிடிப்பதில்லை. கொஞ்சம் வழுக்கவிட்டுப் பிடிக்கும்படிதான் கம்ப்யூட்டர் அதை ஓட்டுகிறது. அந்த வழுக்கல் சீராக இருக்க, ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயில் உராய்வைச் சீர்செய்யும் மருந்துகள் சேர்த்திருக்கிறார்கள். சூட்டில் அவை செத்துவிட்டால் கிளட்ச் பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஓடும். அதுதான் தடதடப்பு. எண்ணெய் 80, 90 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெடும். எண்ணெயை ஆற்றும் கூலர் வழியாகத் தண்ணீர் கலந்தாலும் இதே உதறல் வரும். எண்ணெய் பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால் அது தண்ணீர். அந்த கியர்பாக்ஸுக்கு வெறும் எண்ணெய் மாற்றம் போதாது, கிளட்சின் லைனிங் ஒட்டியிருக்கும் பசையே விட்டுப் போயிருக்கும்.

"இந்த எண்ணெய் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று ஷோரூமில் சொல்வார்கள். கையேட்டில் கடின உபயோகம் பற்றிய பக்கத்தைத் திறந்து படியுங்கள். கடும் வெயில், புழுதி, முழுப் பாரம், நீண்ட நேரம் மெதுவாக ஊர்தல் எல்லாம் அங்கே வரும். நம் பக்கத்தில் வண்டி ஓடுவதே அப்படித்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையின் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு நடை வேகத்தில் போகும் வண்டியை நினைத்துப் பாருங்கள். அந்த வேகத்தில் லாக்கப் விழவே விழாது, இழுவை முழுவதும் எண்ணெய் வழியாகத்தான், அத்தனையும் சூடாக மாறும். எதிர்க்காற்றும் கிடையாது. அப்படிப் போக வேண்டியிருந்தால் ஊர்ந்துகொண்டே இருக்காதீர்கள்: கூட்டத்தை முன்னால் விட்டு, 15, 20 வேகத்தில் ஓட்டிப் பிடித்து, நிழலில் நிறுத்தி நியூட்ரலில் போடுங்கள். எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. எஞ்சின் ஓடினால்தான் பம்ப் சுற்றும், பம்ப் சுற்றினால்தான் எண்ணெய் கூலருக்குப் போய் ஆறும். ரேடியேட்டரின் முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரில் செம்மண் புழுதி அடைத்திருந்தால் இது எதுவும் பலிக்காது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் டிப்ஸ்டிக் கிடையாது. எண்ணெய் அளவைப் பார்க்க எஞ்சின் ஐடிலில் ஓட வேண்டும், வண்டி நாலு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும், லீவரை ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நொடி வைத்துப் பி-க்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெய் 40-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போது அளவு பார்க்கும் செக் பிளக்கைக் கழற்ற வேண்டும். கம்பியாக ஒழுகி, சொட்டுச் சொட்டாக மாறும்போது மூடினால் அளவு சரி. இதில் வெப்பநிலைதான் உயிர். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாகச் சுமார் 90 கி.மீ. ஓடி மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போகும் வண்டியில் எண்ணெய் 85, 90 டிகிரி. மே மாதத்தில் வெளியே நிழலிலேயே 38. எண்ணெய் 45-க்கு இறங்கப் பல மணி நேரம் ஆகும். அவர்களோ வந்த உடனே ராம்பில் ஏற்றிப் பிளக்கைத் திறக்கிறார்கள். விரிந்த எண்ணெய் வழிந்து போகிறது. ஏழு லிட்டரில் 45 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய கால் லிட்டர். அந்தக் கால் லிட்டர் குறைந்த வண்டி மறுநாள் காலையில் வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டதும் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தடக்கென்று கியரில் விழுகிறது. ஸ்கேனரில் டிரான்ஸ்மிஷன் எண்ணெய் வெப்பத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பிளக்கைத் தொட விடாதீர்கள். வண்டியை முதல்நாள் மாலையே விட்டு, காலை முதல் வேலையாகப் பார்க்கச் சொல்வதுதான் நம் ஊர் வெயிலுக்கு ஒரே வழி.

வாரண்டி என்றால் எல்லாம் ஜாப் கார்டுதான், அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் புகாரை எழுதும் சீட்டு. நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் சர்வீஸ் அட்வைசர் "வைப்ரேஷன்" என்று ஒரே சொல்லில் தட்டிவிடுவார். வீல் பேலன்ஸ் செய்து, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டி, "பரிசோதித்ததில் கோளாறு இல்லை" என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். இந்த வண்டிக்கும் அதுதான் நடந்தது. அடுத்து சாஃப்ட்வேர் அப்டேட், அதற்கடுத்துதான் கன்வர்ட்டர். ஊர் நெரிசலில் 70-ல் சீராக ஓட்ட வழியேது? மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் நான்குவழிச் சாலைக்கு டெக்னீஷியனை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஓட்டுவது நீங்கள், ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்ப்பது அவர். ஜாப் கார்டில் எழுதவேண்டிய வாசகம் இது: "60–80 கி.மீ. வேகத்தில், லேசான ஆக்சிலரேட்டரில், வண்டி சூடான பின் உதறுகிறது. பிரேக்கைத் தொட்டால் நிற்கிறது." கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள், கிலோமீட்டரும் தேதியும் சரியா என்று பாருங்கள், ஒரு பிரதி வாங்குங்கள். வாரண்டி முடிவதற்குள் புகார் எழுத்தில் பதிவானது என்பதற்கு இதுதான் சாட்சி. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லையே என்பார்கள். உதறல் தொடங்கிப் பல மாதம் ஆனாலும் லாக்கப் கோளாறைக் குறிக்கும் பி0741 கோடு விழாமலே இருக்கும். லாக்கப்பில் வழுக்கல் எல்லை மீறினால்தான் கம்ப்யூட்டர் அதை எழுதும்.

கன்வர்ட்டர் மாற்ற ஒப்புக்கொண்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். பழைய லைனிங்கின் துகள் கூலரிலும் பைப்பிலும் தங்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புதியதை மாட்டினால் துகள் திரும்ப, கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்கு வரும். என் வண்டியில் கன்வர்ட்டர் மாற்றிய பிறகும் உதறல் மறுபடி தலைகாட்டியதற்குக் காரணம் இதுதான். கூலர் ஃப்ளஷ், புது ஃபில்டர், பான் காஸ்கெட் மூன்றும் ஜாப் கார்டில் வரியாக வர வேண்டும். கியர்பாக்ஸின் அடித்தட்டான பான்-ஐக் கழற்றும்போது அதில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம், விரலில் குத்தும் செதில் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. வாரண்டியில் மாட்டிய பாகத்துக்குப் பெரும்பாலும் வண்டியின் மிச்ச வாரண்டிதான் பொருந்தும், புதிதாக ஓட ஆரம்பிக்காது. எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கும் முன் டார்க் கன்வர்ட்டர் என்ற பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். "கிளட்ச் தேய்மானப் பொருள்" என்ற வரியைக் காட்டி லாக்கப் கிளட்சையும் சேர்த்துத் தட்டிக்கழிக்கிறார்கள்.

உதறல் ஆரம்ப கட்டம் என்றால் எண்ணெய் மாற்றத்திலேயே அடங்கும். மொத்தம் 7 லிட்டர் கொள்ளும் கியர்பாக்ஸில் எண்ணெய் வடிக்கும் பிளக்கைத் திறந்தால் 3.5 லிட்டர்தான் வடியும், மிச்சம் கன்வர்ட்டருக்குள் நிற்கும். ஒருமுறை மாற்றினால் பாதி பழசு, இரண்டாம் முறை கால்வாசி, மூன்றாம் முறைதான் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே ஆறு கியரும் விழும்படி ஓட்ட வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் ஸ்பெக் எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று விற்கும் டப்பாவை ஊற்றினால் பிறகு வாரண்டி கேட்க வாயே இருக்காது.

ஷோரூம் மதுரையிலோ திருச்சியிலோ இருந்தாலும் வழக்குக்கு அங்கே அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வண்டிக்குக் கொடுத்த பணம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம் போதும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 உதவி எண்ணில் பதிந்து, கம்பெனி தலைமை அலுவலகத்துக்கு ஜாப் கார்டு பிரதிகளோடு எழுதுங்கள். எழுதிய பிறகுதான் இந்த வண்டிக்கு கன்வர்ட்டர் கிடைத்தது.

இப்போது உதறல் இல்லை, வண்டி பட்டுப்போல ஓடுகிறது, விற்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் வாங்கலாமா என்று கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இதே வண்டியை மேனுவலில் எடுங்கள். நல்ல எஞ்சினும் நல்ல உடம்பும் கொண்ட ஒரு வண்டியை, கால் லிட்டர் எண்ணெயும் ஒரு வரி ஜாப் கார்டும் இவ்வளவு பாடுபடுத்துவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முழங்கால் வலியால் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். பானெட்டில் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து பிரேக்கை மிதித்தபடி டி-யிலிருந்து ஆர் போடுங்கள். ஒன்றரை நொடிக்கு மேல் தாமதித்தால் விட்டுவிடுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, 70-ல் லேசாக மிதித்துப் பிரேக் சோதனை செய்யுங்கள். இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது முள் 300க்கு மேல் துள்ளினாலும் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் சர்வீஸ் பில்லில் ஏடிஎஃப் மாற்றிய வரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மூன்றுமுறை மாற்ற ஆகும் எண்ணெயின் விலையை வண்டி விலையில் கழித்துப் பேசுங்கள்.