மாளிகைமேட்டு அரண்மனை: ஹெட்செட்டா, செல்போனா?

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் இருக்கிறது மாளிகைமேடு. முதலாம் ராஜேந்திரனின் அரண்மனை இருந்த இடம். இன்று போனால் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டிவந்தே?" என்று என் மாமா கேட்டதில்தான் அதைக் கணினியில் எழுப்பிப் பார்க்கும் ஆசை வந்தது. ஹெட்செட் மாட்டினால் சுற்றிலும் கணினி வரைந்த இடம் மட்டுமே தெரியும் விஆர், செல்போன் கேமராவில் தெரியும் நிஜ இடத்தின் மேலேயே படத்தைச் சேர்த்துக் காட்டும் ஏஆர் இரண்டையும் நானும் இரண்டு நண்பர்களும் செய்து பார்த்தோம். கடைசியில் ஏஆரில் நின்றுவிட்டோம்.

பிரமிப்பு என்றால் விஆர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் விலை, சார்ஜ், ஒவ்வொருவரும் கழற்றியதும் வியர்வை துடைப்பது, சிலருக்குத் தலைசுற்றல் என்று அதற்குத் தொல்லைகளும் உண்டு. லென்ஸில் நேர்வெயில் பட்டால் உள்ளே திரை கருகிவிடும். மேட்டில் வைத்துக் காட்டவே பயம்.

எங்களை மாற்றியது இவை எதுவும் இல்லை. அகழாய்வில் கிடைத்தவை சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள். மரச்சட்டத்தில் ஓடு வேய்ந்திருப்பார்கள் என்று அதை வைத்துச் சொல்லலாம். சுவர் எத்தனை அடி உயரம்? தூண் எப்படி இருந்தது? விஆரில் இதற்கெல்லாம் ஏதாவது ஒரு பதில் வைத்தே ஆகவேண்டும். பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒன்று இருக்கவேண்டுமே! தூணுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வரைந்தேன். கோயிலின் கல்தூணை அரண்மனைக்குள் நட்டுவைத்த மாதிரி. மாட்டிப் பார்த்த பையன் ஒருவன், "அண்ணா, இந்தத் தூணும் தோண்டி எடுத்ததா?" என்றான். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

ஏஆரில் உண்மைச் செங்கல் கண்முன்னே இருக்கிறது. அதற்குமேல் எழும் சுவரை வெறும் கோடுகளாக வரைந்தோம். எதுவரை கிடைத்தது, எங்கிருந்து எங்கள் ஊகம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. விஆரிலும் கோடு போட்டுப் பார்த்தோம். கட்டி முடிக்காத வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது, விட்டுவிட்டோம்.

ஏஆரிலும் குறை இருக்கிறது. உச்சி வெயிலில் திரை தெரியாது. நடக்க நடக்கச் சுவர் அடித்தளத்தை விட்டு ஓரடி நகர்ந்துவிடும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் ஓடாது. நாங்கள் பார்த்ததும் நாலைந்து சனிக்கிழமைகள்தான். கூட்ட நாளில் எப்படியோ. அப்புறம், அடித்தளம்கூட மிஞ்சாத இடம் என்றால் நானும் ஹெட்செட்டைத்தான் எடுப்பேன்.

மாமாவுக்கு இன்னும் விஆர்தான் பிடிக்கிறது. அந்தத் தூண்கள் இல்லாமல் என்னடா அரண்மனை என்கிறார்.