ஒரே டிரைவ், வேறு வேறு பெட்டிகள்: மேனுவல், ஏஎம்டி, டார்க் கன்வர்ட்டர், சிவிடி, டிசிடி

கிளட்ச் பெடல் இல்லாத காரை எல்லாம் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். ஆனால் கியர் லீவருக்குக் கீழே நான்கு வகை கியர்பெட்டிகளில் ஏதாவது ஒன்று இருக்கலாம்: ஏஎம்டி, டார்க் கன்வர்ட்டர், சிவிடி, டிசிடி. காலியான சமதளச் சாலையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. நெரிசலில் ஊரும்போதும், மேட்டில் நிற்கும்போதும், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போதும்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும். ஒன்றுக்குப் பழகிய கால் இன்னொன்றில் தப்பு செய்வதும் அங்கேதான். மேனுவலையும் சேர்த்து ஐந்தையும் அந்த இடங்களில் வைத்துப் பார்ப்போம்.

உராய்வா, எண்ணெயா?

மேனுவலில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் என்ற உராய்வுத் தட்டு இருக்கிறது. அதை விலக்குவதும் சேர்ப்பதும் இடது காலின் வேலை. ஏஎம்டி என்பதும் அதே மேனுவல் பெட்டிதான். கிளட்சை இயக்குவதையும் கியரை மாற்றுவதையும் அதில் ஹைட்ராலிக் அல்லது மின்சார ஆக்சுவேட்டர் செய்கிறது. கிளட்ச் ஒன்றே ஒன்று என்பதால் கியர் மாறும் நேரத்தில் இழுவை சற்று அறுபடும், உட்கார்ந்திருப்பவர்களின் தலை முன்னால் சாயும். இது பழுதல்ல. மாறப்போகும் தருணத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

டார்க் கன்வர்ட்டரில் புறப்படும் வேலையை எண்ணெய் செய்கிறது. எண்ணெய் நிறைந்த ஒரு கூட்டுக்குள் இன்ஜின் ஒரு பக்கத்து இறக்கைகளைச் சுழற்றுகிறது. அவை வீசும் எண்ணெய் எதிர்ப்பக்க டர்பைனைச் சுற்றவைக்கிறது. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் எண்ணெயைத் திருப்பிவிட்டு, புறப்படும்போது முறுக்கு விசையைக் கூட்டித் தருகிறது.

சிவிடியில் கியர் படிகளே கிடையாது. இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட் ஓடும். புல்லிகள் விரிந்தும் நெருங்கியும் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் முதலில் இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் பிறகு வருவது இதனால்தான். பெரும்பாலான சிவிடிகளில் முன்னால் ஒரு டார்க் கன்வர்ட்டரும் இருக்கும். சில ஹைப்ரிட் கார்களின் 'இ-சிவிடி' பெயரில் மட்டும்தான் உறவு. அதில் பெல்ட் இல்லை, பிளானட்டரி கியரும் மோட்டார்களும்தான்.

டிசிடியில் கிளட்ச் இரண்டு. ஒன்று ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படை கியர்களுக்கு. ஒரு கியரில் ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்பதால் மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருந்தால் வெட், இல்லாவிட்டால் டிரை.

ஆக மேனுவல், ஏஎம்டி, டிசிடி மூன்றும் உராய்வில் புறப்படுகின்றன, டார்க் கன்வர்ட்டரும் பெரும்பாலான சிவிடியும் எண்ணெயில் புறப்படுகின்றன. கார் வாங்கும்போது விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எத்தனை கியர் என்பது அப்புறம்.

நெரிசலில் ஊர்வது

டார்க் கன்வர்ட்டரில் டிரைவ் போட்டு பிரேக்கை விட்டால் வண்டி தானாக ஊரும். எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் தேய்வதற்கு அங்கே தட்டு இல்லை. முதலிடம் இதற்குத்தான், சிவிடி அதற்குப் பக்கத்தில்.

டிசிடியும் ஊரும், ஆனால் அந்த ஊர்தலே செயற்கை. கம்ப்யூட்டர் கிளட்சைப் பாதி சேர்த்து வழுக்கவிடுகிறது. முன்வண்டி ஒரு முழம் நகர்ந்தால் நாமும் ஒரு முழம் நகர்வது என்று அரை மணி நேரம் போனால் டிரை கிளட்ச் சூடேறும். முதலில் ஒரு நடுக்கம் தெரியும், பிறகு திரையில் டிரான்ஸ்மிஷன் சூடு என்று எச்சரிக்கை வரும். அதைப் பார்த்ததும் ஓரங்கட்டி, பார்க்கில் போட்டு, எச்சரிக்கை மறையும்வரை காத்திருக்க வேண்டும். இன்ஜினை ஓடவிடுவதா, அணைப்பதா என்பதை ஓனர்ஸ் மேனுவலில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலைக்குப் போகாமல் தப்பிக்க எளிய வழி உண்டு. முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழும்வரை பிரேக்கில் நின்று, பிறகு கிளட்ச் முழுதாகச் சேரும் அளவுக்கு ஒரேயடியாக நகருங்கள். ஏஎம்டிக்கும் இதே பாடம்தான்.

மேனுவலில் கிளட்சைக் கெடுப்பது நெரிசலைவிட அதிகமாக நம் இடது கால்தான். பெடல் மேல் காலைச் சும்மா வைத்திருந்தாலே, கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுமை தாங்கித் தேயும். கிளட்சுக்கு இடப்பக்கம் காலை ஊன்றிவைக்க 'டெட் பெடல்' வைத்திருப்பதே அதற்காகத்தான்.

மேடு

குழப்பம் அதிகம் நடக்கும் இடம் இது. மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே வண்டியை அந்தரத்தில் நிறுத்திவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த மிதியை ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு விதமாக வாங்கிக்கொள்கிறது. மேனுவலில் கிளட்ச் பிளேட் கருகி வாசனை வரும். ஏஎம்டியிலும் அதேதான், ஆனால் பெடல் இல்லாததால் பாதி கிளட்சில் நிற்கிறோம் என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது. டிசிடியில் சூட்டு எச்சரிக்கை வரும். டார்க் கன்வர்ட்டரில் தட்டு தேயாவிட்டாலும் எண்ணெய் வீணாகச் சூடாகும். எந்தப் பெட்டியானாலும் மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது பிரேக்தான்.

பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் கால் மாறும் இடைவெளியில் என்ன ஆகும்? மிதமான சரிவில் டார்க் கன்வர்ட்டர் கார் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். டிசிடி கொஞ்சம் பின்னால் நழுவலாம். ஏஎம்டி நிச்சயம் நழுவும். மேனுவலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹில் ஹோல்டு வசதி இருந்தால் பிரேக் அழுத்தத்தை இரண்டு மூன்று நொடி பிடித்துவைத்து விட்டுவிடும். இதையும் 'ஆட்டோ ஹோல்டு' பட்டனையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஆட்டோ ஹோல்டு ஆக்சிலரேட்டரைத் தொடும்வரை பிடித்திருக்கும். ஹில் ஹோல்டு சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். முன்னதற்குப் பழகியவர் பின்னது மட்டும் உள்ள காரில் மேட்டில் நின்று காலை எடுத்தால், பின்னால் நிற்கும் வண்டியின் பம்பர்தான் அவருக்கு நினைவூட்டும்.

இரண்டும் இல்லாத மேனுவலிலும் ஏஎம்டியிலும் ஹேண்ட்பிரேக் போதும். மேனுவலில் ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு முதல் கியர் போடுங்கள். இன்ஜினைச் சுமார் 1500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுவந்து, கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் சத்தம் தாழ்ந்து, பானட் லேசாக நிமிரும் இடம் ஒன்று வரும். கால் அங்கே அசையாமல் நிற்க, கை ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். ஏஎம்டியில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து, வண்டி ஹேண்ட்பிரேக்கை எதிர்த்து இழுப்பது தெரிந்ததும் இறக்குங்கள்.

இறக்கம்

இறக்கத்தில் நியூட்ரல் போடுவதால் எரிபொருள் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய இன்ஜினில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் செலுத்துவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் மட்டும்தான் ஐடிலிங்குக்காக எரிந்துகொண்டிருக்கும். போதாக்குறைக்கு முழு எடையும் பிரேக் மேல் விழும். பேடுகள் சூடேறிப் பிடிப்பு குறையும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும்.

மேனுவலில் ஏறும்போது தேவைப்பட்ட கியரிலேயே இறங்குங்கள், வேகத்தை இன்ஜினே பிடித்துவைக்கும். ஏஎம்டியிலும் டிசிடியிலும் மேனுவல் மோடுக்குத் தள்ளி இரண்டு அல்லது மூன்றில் நிறுத்தலாம். டார்க் கன்வர்ட்டரில் லீவரில் எல், 2, எஸ் என்று எந்த நிலை இருக்கிறதோ அது. இறக்கத்தில் தானாக இன்ஜின் பிடிப்பு தருவதில் அடிப்படைச் சிவிடி கொஞ்சம் சோம்பல், எஸ் அல்லது எல்லுக்கு மாற்றினால்தான் விழித்துக்கொள்ளும். பல ஹைப்ரிட்களில் இந்த வேலைக்கென்றே பிரேக்கைக் குறிக்கும் ஓர் எழுத்து லீவரில் இருக்கும்.

இறங்கிப் போகும் முன்

பார்க் என்பது பிரேக் அல்ல. பெட்டியின் வெளிச்செல்லும் தண்டில் உள்ள ஒரு பற்சக்கரத்தின் இடுக்கில் சுண்டுவிரல் அளவு உலோக நாக்கு ஒன்று விழுந்து பூட்டுகிறது, அவ்வளவுதான். சரிவில் நிறுத்தி, நேராகப் பார்க் போட்டு, பிரேக்கை விட்டால் வண்டி ஓர் அங்குலம் உருண்டு, முழு எடையோடு அந்த நாக்கின் மேல் உட்காரும். மறுபடி எடுக்கும்போது லீவர் இறுகி, 'டக்' என்ற சத்தத்தோடு விடுபடுவது அதனால்தான். வரிசையை மாற்றுங்கள்: கால்பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரல், ஹேண்ட்பிரேக், காலை மெல்லத் தளர்த்தி எடையை ஹேண்ட்பிரேக் வாங்கிக்கொள்ளவிடுவது, மறுபடி கால்பிரேக், அப்புறம் பார்க். எடுக்கும்போது பார்க்கிலிருந்து வெளியே வந்த பிறகே ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள்.

ஏஎம்டி கார்கள் பலவற்றில் பார்க்கே கிடையாது. ஆட்டோமேட்டிக்கிலிருந்து வருபவர் லீவரை நியூட்ரலில் விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வண்டியைப் பிடித்து நிற்பது ஹேண்ட்பிரேக் மட்டும்தான், அதுவும் சரியாக இழுத்திருந்தால். மேனுவலைப் போலவே இதிலும் கியரில் விட்டு இன்ஜினை அணைக்க வேண்டும். ஏறுமுகமாக நின்றால் டிரைவில், இறங்குமுகமாக நின்றால் ரிவர்ஸில். அணைத்ததும் கிளட்ச் சேர்ந்துகொண்டு இன்ஜினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் என்ற அமெரிக்கக் காரில் வந்த ஹைட்ரமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலும் பார்க் இல்லை, ரிவர்ஸில் போட்டு இன்ஜினை அணைத்தால்தான் பூட்டும்.

லீவரின் வடிவமும் இங்கே சேர்த்தி. பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று படிப்படியாக நகரும் பழைய லீவரில் கை சொல்வதே போதும். தள்ளியதும் நடுவுக்கே திரும்பிவரும் மின்னணு லீவரிலும் பட்டனிலும் கைக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. பார்க் விழுந்துவிட்டது என்று நினைத்து இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டதால், 2016-ல் ஃபியட் கிரைஸ்லர் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அப்படிப்பட்ட லீவர் இருந்தால் கதவைத் திறக்கும் முன் மீட்டரில் பார்க் எழுத்து எரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பாதுகாப்பை மட்டும் வைத்துக் கேட்டால் பழைய லீவருக்கே என் ஓட்டு.

இரண்டு பெடல், ஒரே கால்

மேனுவலிலிருந்து மாறுபவருக்கு முதல் வாரத்து ஆபத்து இடது கால். வேகம் குறையும்போது அது கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக் பெடலை முழு பலத்தோடு மிதித்துவிடும். இடது காலை டெட் பெடலில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் ஆக்சிலரேட்டர் பக்கம் திருப்புங்கள். பதற்றத்தில் கால் நேரானால் அது பிரேக்கில்தான் விழ வேண்டும்.

ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால், உதாரணமாகத் தரைவிரிப்பு மடங்கி மாட்டிக்கொண்டால், பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி விடாமல் பிடியுங்கள், நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். விட்டு விட்டு மிதித்தால், பிரேக் மிதிக்கு உதவும் வெற்றிட பூஸ்டர் உள்ள கார்களில் அதில் சேமித்திருக்கும் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் மேனுவலுக்குக் கூடுதல் பலம் உண்டு: கிளட்சை மிதித்த கணமே இழுவை போய்விடும்.

பேட்டரி இறங்கினால், இழுத்துப் போனால்

தள்ளி ஸ்டார்ட் செய்ய முடிவது மேனுவலில்தான். இக்னிஷன் ஆன், இரண்டாம் கியர், கிளட்ச் உள்ளே, வண்டி ஓட்டம் பிடித்ததும் கிளட்சைச் சட்டென விட்டு, இன்ஜின் பிடித்தவுடன் மறுபடி மிதிக்க வேண்டும். டார்க் கன்வர்ட்டர், சிவிடி கார்களில் எண்ணெய் பம்பை ஓட்டுவது இன்ஜின். அது ஓடாதவரை உள்ளே அழுத்தம் வராது, எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. இழுத்துப் போகும்போதும் அதே காரணம்தான் இடிக்கிறது: நியூட்ரலில் போட்டாலும் சக்கரம் சுழலச் சுழலப் பெட்டியின் பாகங்கள் எண்ணெய் இல்லாமல் உரசும். முன்சக்கர இழுவைக் காராக இருந்தால் முன்சக்கரங்களைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்கும் காரை முழுதாக லாரி மேல் ஏற்ற வேண்டும்.

பேட்டரி இறங்கிய காரில் பார்க்கிலிருந்து லீவர் வெளியே வராது, ஏனென்றால் அந்தப் பூட்டைத் திறப்பது மின்சாரம். பழைய வகை லீவருக்குப் பக்கத்தில் நகத்தால் நெம்பினால் வரும் சிறு மூடி ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கை மிதித்தபடி, மூடிக்குக் கீழே உள்ள துளையில் சாவியையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டு அழுத்திக்கொண்டே லீவரை நியூட்ரலுக்கு நகர்த்தலாம். பட்டன் வகையில் இந்த வசதி எங்கே ஒளிந்திருக்கிறது, இருக்கிறதா என்பதே காருக்குக் கார் மாறும். டெலிவரி எடுக்கும் அன்றே காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.