பாத்திரம் கழுவ நீளமான வினைல் கிளவுஸ் - எம்ஐ அலர்ஜி இருக்கவங்க கண்டிப்பா பாருங்க

பேட்ச் டெஸ்ட் (எந்த கெமிக்கல் ஒத்துக்கலன்னு தோல்ல ஒட்டி பாக்குற டெஸ்ட்) எடுத்து மெத்தில்ஐசோதயசோலினோன் அலர்ஜின்னு வந்தவங்க, டாக்டருங்க சுருக்கமா எம்ஐன்னு சொல்வாங்களே, லிக்விட் சோப்பு மாதிரி பொருள் கெட்டுப்போகாம இருக்க போடுற கெமிக்கல், அதுதான், நீங்க இந்த கிளவுஸ யோசிச்சு பாக்கலாம். எல்லா கடையிலயும் கெடைக்குற மஞ்சள் ரப்பர் கிளவுஸ் வேணாங்க, ரப்பர பதப்படுத்த போடுற தையூரம்ங்குற கெமிக்கலே நெறைய பேருக்கு கையில அலர்ஜி கெளப்பும். வினைல்ங்குறது ஒரு வகை பிளாஸ்டிக், அதுல தையூரம் கெடையாது.

எனக்கு ரொம்ப புடிச்சது இதோட நீளம். குட்டை கிளவுஸ்னா குக்கர கவுத்து தேய்க்கும்போதே சோப்புத் தண்ணி மணிக்கட்டு வழியா உள்ள எறங்கிடும், அப்படி எறங்குன தண்ணி வெளிய போக வழியில்லாம தோலோட ஒட்டிக்கிட்டே கெடக்கும், அதுக்கு வெறுங்கையிலயே கழுவிடலாம். இது முழங்கை வரைக்கும் வருது, மேல் ஓரத்த வெளிப்பக்கமா ஒரு மடிப்பு மடிச்சு விட்டுட்டா கைய தூக்குனாலும் வழியுற தண்ணி அந்த மடிப்புலயே நின்னுடுது. விரல் இடுக்குல தோல் வெடிச்சு புளி கரைக்கவே முடியாம இருந்த கை இப்ப நல்லா ஆறிடுச்சு.

கொறையும் இருக்கு. வெயில் காலத்துல உள்ள வேர்த்து ஊத்துது, அதனால மெல்லிசா ஒரு காட்டன் கிளவுஸ் உள்ள போட்டுதான் ஆகணும், அத தனியா வாங்கணும், ஈரமானா உடனே மாத்தணும். எண்ணெய் பிசுக்கு இருக்க எவர்சில்வர் தட்டு வழுக்குது. சின்ன டம்ளர் உள்ள கை போகாது, அதுக்கு ப்ரஷ் வச்சுக்கோங்க.

கிளவுஸ் மட்டும் போட்டா போதும்னு நெனைக்காதீங்க ப்ளீஸ். தண்ணி கலந்த பொருள் கெட்டுப்போகாம இருக்கத்தான் எம்ஐ போடுறாங்க, அதனால ஷாம்பு, ஹேண்ட்வாஷ், வெட் வைப்ஸ், செவுத்துக்கு அடிக்குற எமல்ஷன் பெயிண்ட் வரைக்கும் இருக்கலாம், புதுசா பெயிண்ட் அடிச்ச ரூம்ல சும்மா உக்காந்தாலே மூஞ்சி வீங்குறவங்க இருக்காங்க. ஐரோப்பாவுல தடவிட்டு கழுவாம விடுற க்ரீம், வைப்ஸ்ல 2017லயே இத தடை பண்ணிட்டாங்க, கழுவி விடுற ஷாம்பு மாதிரி ஐட்டத்துல 10 லட்சத்துல 15 பங்குக்கு மேல போடக்கூடாது. நம்ம ஊரு பாத்திரம் கழுவுற லிக்விட் பல பாட்டில்ல என்னென்ன போட்ருக்குன்னு முழு லிஸ்ட்டே இருக்காது, இது எனக்கு உண்மையிலயே கோவம் வர்ற விஷயம், அலர்ஜி இருக்கவங்க எத பாத்து வாங்குறது? லிஸ்ட் இல்லாத லிக்விட்ட தொடாதீங்க, சோப்பு கட்டியோ பவுடரோ வாங்குங்க, அதுல பெரும்பாலும் இது தேவைப்படாது.

நாலு ஸ்டார். ஸ்மால் சைஸே என் கைக்கு தொளதொளன்னு இருக்கறதால ஒண்ணு கொறச்சிருக்கேன், இன்னும் சின்ன சைஸ் கொண்டு வாங்க.