30 அடி ட்ரெய்லருக்கு மாற்று டயர்: நாலு வருடத்துக்கு மேலான அனுபவம்

எங்களிடம் இருப்பது இரட்டை ஆக்ஸில் கொண்ட 30 அடி டிராவல் ட்ரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு. ஊர் அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கும் ஹூஸ்டன். நாலு வருடத்துக்கு மேலாக குட்இயர் எண்டூரன்ஸ் டயரில் ஓட்டுகிறேன். அளவு எஸ்டி225/75ஆர்15 (எஸ்டி என்பது ட்ரெய்லருக்கென்றே செய்யும் டயர் வகை), லோட் ரேஞ்ச் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எழுத்து) இ. இதுவரை வெடிப்பு இல்லை, பஞ்சர்கூட இல்லை. ஆனாலும் எந்த பிராண்டு வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களிடம், முதலில் வண்டியை எடை போட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வண்டியோடு வந்த டயர்கள் லோட் ரேஞ்ச் டி. 65 பிஎஸ்ஐ காற்றில் ஒன்று 2,540 பவுண்டு தாங்கும். நாலுக்கும் சேர்த்து 10,160. தண்ணீர், சிலிண்டர், சமையல் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற வண்டி எடை மேடையில் நிறுத்தியபோது இரண்டு ஆக்ஸிலிலும் சேர்த்து 8,340 பவுண்டு காட்டியது. தாங்கும் திறனில் சுமார் 18 சதவீதம் மிச்சம். பார்த்தால் தாராளம்தான். ஆனால் அதே டயர்களில் ஒன்று மேற்கு டெக்சாஸில் ஐ-10 சாலையில் ட்ரெட் (தரையில் படும் மேல் பட்டை) மொத்தமாக உரிந்து போனது. அன்று காலை பார்த்த காற்று சரியாக இருந்தது, பட்டன்களும் தேயவில்லை. உரிந்த பட்டை சுழன்று சுழன்று அடித்ததில் சக்கரத்துக்கு மேலிருந்த தகரம் கிழிந்து, பிரேக் ஒயரும் அறுந்துவிட்டது. டயர் விலையைவிட அந்த ரிப்பேர்தான் அதிகம்.

ஏன் உரிந்தது என்பதற்கு விடை டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் கிடைத்தது. இப்படிப்பட்ட வீட்டு வண்டி வைத்திருப்போரின் சங்கமான எஸ்கேப்பீஸ் ஆர்வி கிளப்பின் தலைமையகம் அங்கேதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை பார்த்துத் தருகிறார்கள். எங்கள் வண்டியில் சமையல் பகுதியும் ஃப்ரிட்ஜும் வெளியே நீளும் ஸ்லைடு அறையும் எல்லாமே இடது பக்கம். இடது முன் சக்கரம் 2,290, இடது பின் 2,330. வலது பக்கம் 1,870, 1,850. மொத்தக் கணக்கில் 18 சதவீதம் மிச்சம் காட்டிய வண்டியில், இடது பின் டயருக்கு இருந்த மிச்சம் வெறும் 8 சதவீதம். உரிந்ததும் அதே டயர்தான். ஒரு பள்ளத்தில் இறங்கினாலோ பக்கத்து டயரில் கொஞ்சம் காற்று குறைந்தாலோ அந்த 8 சதவீதம் எங்கே நிற்கும்?

லோட் ரேஞ்ச் இ என்றால் 80 பிஎஸ்ஐயில் 2,830 பவுண்டு. அதே சக்கரத்துக்கு இப்போது கிட்டத்தட்ட 18 சதவீதம் மிச்சம் இருக்கிறது. ஆனால் டயரை மட்டும் மாற்றினால் போதாது. ரிம்மும் அந்த எடையையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். எங்கள் ரிம்மின் பின்புறம் 2,830 என்று பொறித்திருந்ததைப் பார்த்த பிறகே வாங்கினேன். பழைய ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான், அதனால் உலோக வால்வு போடச் சொன்னேன். டயர் கடைகளில் பலரும் இதைத் தாங்களாகச் சொல்வதில்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கார் டயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். பெட்ரோல் பங்க்கில் இடம் போதாமல் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முன் ஆக்ஸில் டயர் ஒரு பக்கமும் பின் ஆக்ஸில் டயர் எதிர்ப்பக்கமும் மடங்கி, ரப்பர் தரையில் அரைபடும் சத்தம் கேட்கும். எஸ்டி வகையின் பக்கச்சுவரை விறைப்பாகச் செய்வது இப்படிப்பட்ட இழுபறியைத் தாங்கத்தான்.

அடுத்து வேகம். எஸ்டி டயர்களுக்கு நீண்ட காலமாக மணிக்கு 65 மைல்தான் எல்லை. எண்டூரன்ஸில் இருக்கும் 'என்' என்ற வேகக் குறி 87 மைல் வரை அனுமதிக்கிறது. மேற்கு டெக்சாஸ் ஐ-10இல் 80 மைல் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். இருந்தும் நான் 62, 63ஐத் தாண்டுவதில்லை. டயரைக் கொல்வது சூடு. வேகம் ஏற ஏறச் சூடும் ஏறும். ஒவ்வொரு வால்விலும் அழுத்தம் காட்டும் சென்சார் மாட்டியிருக்கிறேன். காலையில் 80 காட்டுவது மதியம் 88, 90க்குப் போகும். வெயில் படும் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு கூடும். அது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து சூட்டோடு காற்றை இறக்கினால் மறுநாள் காலை அழுத்தம் குறைந்த டயரில் கிளம்ப வேண்டியிருக்கும்.

தேய்மானம் பற்றி ஒரு குறை உண்டு, அது டயருடையது அல்ல. வலது முன் டயர் வெளி ஓரத்தில் மட்டும் சீக்கிரம் தேய்ந்தது. ஆக்ஸில் லேசாக வளைந்திருந்தது. நிமிர்த்திய பிறகு சரியாகிவிட்டது. வாங்கும்போது விலை கூடுதல் என்று வீட்டில் பேச்சு வந்தது உண்மை. மேக்சிஸ் எம்8008, கார்லைல் ரேடியல் டிரெய்ல் எச்டி இரண்டும் நண்பர்கள் ஓட்டுகிறார்கள், திருப்தியாகவே இருக்கிறார்கள். உங்கள் சக்கர எடைக்கு ஏற்ற லோட் ரேஞ்ச் கிடைத்தால் அவற்றையும் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கும் அன்று பக்கச்சுவரில் 'டாட்' (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடையில் எனக்கு முதலில் எடுத்து வைத்தது ஒன்றரை வருடப் பழசு. வேண்டாம் என்றதும் புதிதாக வரவழைத்தார்கள். மாட்டிய பிறகு முதல் 50 மைலுக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்கிப் பார்ப்பதும் முக்கியம்.

ட்ரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. எங்களுடையதில் பட்டன் இன்னும் ஆழமாகத்தான் இருக்கிறது. நிறுத்தி வைக்கும் நாளெல்லாம் வெள்ளை உறை போட்டும், பக்கச்சுவரில் மயிரிழை போல விரிசல்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஐந்து வருடம் முடிவதற்குள், வரும் வசந்தப் பயணத்துக்கு முன்பே மாற்றப்போகிறேன். அதே எண்டூரன்ஸ், அதே லோட் ரேஞ்ச். நாலு இல்லை, ஐந்து. ஸ்டெப்னிக்கும் அதே வயதுதான் ஆகிறது.