மான் சீசனுக்கு முந்தைய மாதங்கள்: மார்ச் நடை, ட்ரெயில் கேமரா, பரண்

மான் வேட்டைக்குத் தயாராகிற பலரும் ஆகஸ்டில் ஒரு ட்ரெயில் கேமரா (மரத்தில் கட்டிவிட்டால், எதிரே விலங்கு நகரும்போது தானே படமெடுப்பது) வாங்குவதில் தொடங்குகிறார்கள். கேமரா, வரைபட ஆப், பரண், உண்ணி மருந்து எல்லாவற்றையும் சில வருடங்கள் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்த பிறகு என் முடிவு இதுதான்: மார்ச்சில் காட்டை நடந்து பார்த்தவருக்குத்தான் கேமராவால் பலன். நடந்து பார்க்காமல் கட்டிய கேமரா, மான் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். நவம்பரில் எந்த மரத்தில் உட்கார வேண்டும் என்பதை அது சொல்லாது.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு, வெர்னான் கவுண்டி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். இங்கே மாநில இயற்கை வளத் துறை உரிமம் கொடுத்து, எண்ணிக்கையைக் கணக்குப் பார்த்து நடத்துகிறது. வில் சீசன் செப்டம்பர் நடுவில் தொடங்கும். துப்பாக்கி சீசன் நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். நான் வில்லோடு போகிறவன். மான் இருபது கெஜத்துக்குள் வந்தால்தான் எனக்கு வாய்ப்பு, அதனால் இடம் பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

இந்தப் பகுதியைப் பனியுகத்துப் பனிப்பாறைகள் மழித்துத் தட்டையாக்கவில்லை. டிரிஃப்ட்லெஸ் என்கிறார்கள். செங்குத்தான முகடுகளில் ஓக் மரங்கள், கீழே பள்ளத்தாக்கில் சோளமும் சோயாவும், நடுவே கிக்கப்பூ ஆறு வளைந்து வளைந்து போகும். இந்த நிலத்தை மார்ச்சில் பார்க்க வேண்டும். பனி உருகியிருக்கும், இலை வந்திருக்காது. போன நவம்பரில் கடாக்கள், அதாவது ஆண் மான்கள், கொம்பை உரசிப் பட்டை உரித்த மரங்கள் தூரத்திலிருந்தே வெளுப்பாகத் தெரியும். குளம்பால் பறண்டிய குழிகளும், அவற்றுக்கு மேலே கடாக்கள் வாயாலும் முகத்தாலும் தேய்த்து வாசனை வைத்த தாழ்ந்த கிளைகளும் அப்படியே இருக்கும். ஜூனில் போனால் இதில் பாதி புதருக்குள் மறைந்துவிடும்.

நான் முக்கியமாகத் தேடுவது மான் படுத்த இடங்களை. மலைச்சரிவில் முகட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், நீள்வட்டமாக அமுங்கிய சருகுப் பள்ளங்கள் கிடைக்கும். காற்று முதுகுப்பக்கமாக முகட்டைத் தாண்டி வரும். பகலில் சரிவு சூடாகும்போது கீழேயுள்ள வாசனையும் மேலே ஏறி வரும். பின்னால் வருபவனை மூக்கால் அறியலாம், முன்னால் வருபவனைக் கண்ணால் பார்க்கலாம். பெரிய கடாக்கள் இப்படித்தான் இடம் பிடிக்கின்றன. அந்தப் பள்ளத்தில் நானே குனிந்து உட்கார்ந்து, அங்கிருந்து என்னவெல்லாம் தெரிகிறது என்று பார்ப்பேன். எந்த வழியாக ஏறினால் மானுக்குத் தெரியாது என்பது அப்போது புரிந்துவிடும். மார்ச்சில் மானைக் கலைத்தாலும் பெரிய நஷ்டமில்லை, சீசனுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அக்டோபரில் இதைச் செய்தால் அந்த மான் இடத்தையே மாற்றிவிடலாம்.

போன நவம்பரின் தடயம் இந்த நவம்பருக்கும் உதவக் காரணம் உண்டு. வெண்வால் மான்களின் இணைசேரும் காலத்தைப் பகல்பொழுதின் நீளம்தான் தீர்மானிக்கிறது. அதனால் வருடா வருடம் உச்சம் நவம்பர் முதல் பாதியை ஒட்டியே வரும். கர்ப்பம் ஏறக்குறைய 200 நாள். மே கடைசியிலும் ஜூனிலும் குட்டிகள். பெண் மான்கள் படுக்கும் இடங்கள் அதிகம் மாறுவதில்லை, அந்த இடங்களுக்கு இடையே கடாக்கள் அலையும் வழிகளும் மாறுவதில்லை. கடா வேறாக இருக்கலாம், பாதை அதேதான். இரண்டு மேடுகளுக்கு நடுவே முகடு தாழ்ந்து கணவாய் மாதிரி இருக்கும் இடம் கிடைத்தால் அதை விடவே கூடாது.

உதிர்ந்த கொம்புகளும் இதே சமயத்தில் கிடைக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை உதிர்க்கின்றன. கொம்பு கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் அது குளிர்காலத்தில் அந்தக் கடா தீனிக்கு வந்த இடத்தைக் காட்டுகிறது, நவம்பரில் நடமாடிய இடத்தை அல்ல.

கண்டதையெல்லாம் குறிக்க ஆன்எக்ஸ் என்ற வரைபட ஆப் பயன்படுத்துகிறேன். பொது நிலம் எங்கே முடிகிறது, தனியார் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கையிலேயே காட்டுகிறது. இந்த ஒரு வசதிக்கே சந்தா கொடுக்கலாம். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேமரா. பெயர் சொல்லப்போவதில்லை, வெவ்வேறு கம்பெனிகளுடையதை வைத்திருக்கிறேன். விலையைவிட வைக்கும் விதம்தான் முக்கியம் என்பது என் அனுபவம். வடக்கு பார்த்து வைத்தால் சூரியன் நேராக லென்சில் அடிக்காது. முன்னாலிருக்கும் புல்லையும் சின்னக் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வெயிலில் சூடான இலை காற்றில் ஆடுவதற்கெல்லாம் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். சென்சார் பார்ப்பது சுற்றுப்புறத்துக்கும் நகரும் உடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. கொதிக்கிற ஜூலை மதியத்தில் அந்த வித்தியாசம் குறைவதால் சில மான்கள் பதிவாகாமலே போய்விடும். படம் இல்லை என்பதால் மான் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் லித்தியம் ஏஏ மட்டும்தான். ஆல்கலைன் விலை குறைவு, ஆனால் குளிரில் படுத்துவிடும். செல் சிக்னல் வழியாகப் படம் அனுப்பும் கேமரா வசதிதான். அடிக்கடி காட்டுக்குள் போய் வாசனையை விட்டுவர வேண்டியதில்லை. ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் வைத்தால் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும், முகட்டில் வையுங்கள். சோலார் பேனலும் ஏப்ரலில் பிரமாதமாக வேலை செய்யும். ஜூனில் இலை அடர்ந்து நிழல் விழுந்த பிறகு பயன் கம்மி. இரவில் படமெடுக்கக் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை அடிக்கும். 850 நானோமீட்டர் ஒளி உள்ளவை இரவில் லேசாகச் சிவந்து தெரியும். 940 உள்ளவை தெரியாது, ஆனால் வெளிச்சம் எட்டும் தூரம் குறைவு. பொது நிலத்தில் திருட்டு பயம் இருப்பதால் நான் வைப்பது 940தான். அப்புறம், உங்கள் மாநிலச் சட்டத்தைப் படியுங்கள். அரிசோனாவில் 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்கு ட்ரெயில் கேமரா பயன்படுத்தவே தடை.

கோடையில் கேமராவில் வரும் படங்கள் ஆளை மயக்கும். சோயா வயலில் கடாக்கள் கூட்டமாக, வெல்வெட் என்கிற மெல்லிய ரோமத்தோல் போர்த்திய கொம்போடு, மாலை வெளிச்சத்திலேயே மேயும். செப்டம்பர் தொடக்கத்தில் வெல்வெட் உரிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துவிடும்; பல கடாக்கள் ஆளுக்கொரு திசையில் இடம் மாறும். அதனால் ஆகஸ்டில் நான் படங்களைவிட மரங்களைத்தான் கவனிக்கிறேன். பைனாகுலரால் வெள்ளை ஓக் உச்சிகளைப் பார்த்து, எதில் காய் பிடித்திருக்கிறது என்று குறித்துக்கொள்வேன். சிவப்பு ஓக் காயைவிட இதில் துவர்ப்பு குறைவு, மான் இதைத்தான் முதலில் தேடி வரும். செப்டம்பரில் அது கொட்டத் தொடங்கினால் வயலை விட்டுவிட்டு மான்கள் காட்டுக்குள் போய்விடும்.

உண்ணியை அலட்சியம் செய்யாதீர்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இங்கே நிறைய. 0.5 சதவீத பெர்மெத்ரினைக் காலணியிலும் கால்சட்டையிலும் தெளித்து, முழுக்கக் காயவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். அதைத் தோலில் பூசக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அதைக் கிட்டே விடக்கூடாது. காட்டிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் தேடுவது கட்டாயம்.

பரண் வேலையை ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். மரம் பருத்துக்கொண்டே போவதால் போன வருடம் பரணை மரத்தோடு கட்டிய வார்ப்பட்டை இறுகியிருக்கும். வெயில் அதை நைய வைத்திருக்கும், அணில் கடித்திருக்கும். சந்தேகமாக இருந்தால் புதுசு மாற்றுங்கள். கீழே விழாமல் காக்க உடலில் மாட்டும் ஹார்னசிலும் தயாரித்த தேதி இருக்கும், பெரும்பாலான கம்பெனிகள் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. தரையிலிருந்து கால் எடுத்த நொடியிலிருந்து இறங்கும்வரை கயிற்றோடு இணைந்திருப்பதில் எந்தச் சமரசமும் வேண்டாம். வில் பயிற்சியையும் கொஞ்சம் உயரத்திலிருந்து, ஹார்னஸ் மாட்டிக்கொண்டே செய்யுங்கள். மேலிருந்து எய்யும் கோணம் தரையில் பழகியதிலிருந்து வேறு.

இன்னொரு விஷயம், உப்புக்கட்டி. கேமராவுக்கு முன் மானை வரவழைக்க உப்போ சோளமோ போடும் வழக்கம் பலரிடம் உண்டு. மான்களின் மூளையை அரித்துக் கொல்லும் சிடபிள்யூடி நோய் விஸ்கான்சினில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது, அது பரவிய கவுண்டிகளில் இரை போடுவதே தடை. வெர்னானும் அதில் ஒன்று. மான்கள் ஒரே இடத்தில் வாய் வைக்கும்போது நோய் எளிதாகத் தொற்றும் என்பதால் இந்தத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மான் கிடைத்தால் துறை இலவசமாகச் சோதிக்கிறது. முடிவு வரும்வரை கறியைத் தனியாகப் பெயரெழுதி ஃப்ரீசரில் வைக்கிறோம். நோய் உறுதியானால் அதைச் சாப்பிடுவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர் கையிலுள்ள பணத்தை எதில் போடலாம் என்று கேட்டால், என் வரிசை இது: முதலில் நல்ல ஹார்னஸ், அடுத்து ஈரம் இறங்காத பூட்ஸ், பிறகு ஆப் சந்தா. கேமரா அதற்கப்புறம், அதுவும் ஒன்று போதும். அதை மார்ச்சில் நீங்கள் கண்டுபிடித்த கணவாயில், அக்டோபர் கடைசியில் கட்டுங்கள்.