'உங்கள் பலவீனம் என்ன?': நேர்காணலில் போட்டியிடும் நான்கு பதில்கள்

கல்லூரி வளாகத் தேர்வின் ஹெச்.ஆர். ரவுண்டிலும், வங்கி அதிகாரிப் பணிக்கான நேர்காணலிலும், ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்விலும் ஏதாவதொரு வடிவில் வந்துவிடுகிற கேள்வி இது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் நான்கு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. பலத்தையே பலவீனம்போல் சொல்வது ஒன்று. முன்பு இருந்து இப்போது சரியாகிவிட்ட குறையைச் சொல்வது இன்னொன்று. இன்றும் இருக்கிற, ஆனால் எல்லை தெரிந்த ஒரு குறையைச் சொல்வது மூன்றாவது. மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவது நான்காவது. 'எனக்குப் பலவீனமே கிடையாது' என்பதையும், 'இனிப்பைக் கண்டால் கையைக் கட்டுப்படுத்த முடியாது' என்பதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவை கேள்வியைத் தட்டிக்கழிப்பவை.

நான்கையும் ஒப்பிட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல், அடுத்து வரும் துணைக் கேள்வியை அந்தப் பதில் தாங்குமா என்பதுதான். முதல் பதிலை எவரும் மனப்பாடம் செய்துகொண்டு வரலாம் என்பது கேட்பவருக்கு நன்றாகவே தெரியும். 'கடைசியாக எப்போது இது உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தது?', 'அதனால் யார் பாதிக்கப்பட்டார்கள்?' என்று அவர் தொடரும்போதுதான் உண்மையான மதிப்பீடு தொடங்குகிறது.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. 'நான் ஒரு பர்ஃபெக்‌ஷனிஸ்ட், சார்', 'வேலையில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது' ஆகிய இரண்டையும் ஒரே நாளில் பத்துப் பேரிடம் கேட்ட அதிகாரிக்குப் பதினோராவது ஆளின் பெயர்கூட நினைவில் நிற்காது. தற்பெருமையைக் குறைபோல் சொல்லும் இப்பழக்கத்தைப் பற்றி 2018இல் ஆளுமை மற்றும் சமூக உளவியல் துறையின் முன்னணி ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு, நேரடியாகப் பெருமை பேசுபவரைக் காட்டிலும் குறைபோல் பெருமை பேசுபவரை மக்கள் குறைவாகவே விரும்புகிறார்கள் என்று காட்டியது. பேச்சில் நேர்மை இல்லை என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் எழுவதே அதற்குக் காரணம். இந்தப் பதில் உடைவதும் துணைக் கேள்வியில்தான். சொல்ல ஒரு சம்பவம் இருக்காது. இருந்தால் அது பாராட்டுப் பெற்ற சம்பவமாக இருக்கும். ஆனால் இதிலும் ஒரு விலக்கு உண்டு. திருத்தித் திருத்தியே இறுதியாண்டுப் புராஜெக்ட் அறிக்கையைக் கெடு தாண்டி ஒப்படைத்து, அதனால் குழுவில் இருந்த மற்றவர்களுக்கும் மதிப்பெண் குறைந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் பெருமை பேசவில்லை. அவர் சொல்வது மூன்றாம் வகைப் பதில். வார்த்தை மட்டும்தான் தேய்ந்துபோனது.

கடந்துவந்த குறையைச் சொல்வது இதைவிடப் பல மடங்கு மேல். மேடைக் கூச்சம் இருந்தது, துறை விழாவில் அறிவிப்பாளராக நிற்கும் பொறுப்பை வலிந்து வாங்கிக்கொண்டேன், இப்போது ஐம்பது பேர் முன் பேச முடிகிறது என்று சொல்கிறவரிடம் ஒரு தொடக்கமும் நடுவும் முடிவும் இருக்கின்றன. பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற வளாகத் தேர்வுக்கு இந்த அளவு பொருத்தமானதே. அரியர் வைத்துப் பிறகு எழுதித் தேறியவர்களுக்கு இந்த வகை கைகொடுக்கும்: மதிப்பெண் பட்டியலிலேயே தெரிகிற ஒன்றைத் தாமே எடுத்துச் சொல்லி, எந்தப் பழக்கம் அதற்குக் காரணமாக இருந்தது, அடுத்த பருவத்தில் எதை மாற்றினோம் என்று விளக்கினால், எதிரே இருப்பவர் கேட்கவிருந்த சங்கடமான கேள்வி தானாகவே நீங்கிவிடுகிறது. இதன் குறைபாடு, அது முடிந்துபோன கதை என்பதே. அனுபவமுள்ள அதிகாரி, 'அதுதான் சரியாகிவிட்டதே, இப்போது என்ன?' என்று கேட்பார். அந்த இடத்தில் கையில் வேறொன்றும் இல்லாதவர் மீண்டும் பர்ஃபெக்‌ஷனிஸ்ட் ஆகிவிடுவதைத் தவிர வழியில்லை.

ஆகவே என் தேர்வு மூன்றாம் வகை. ஆனால் இதைச் சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறை அந்த வேலையின் மையத்தைத் தொடக் கூடாது என்பது முதலாவது. எண்களில் கவனப்பிசகு உண்டு என்று வங்கிப் பி.ஓ. (புரொபேஷனரி அதிகாரி) பணிக்கு வந்தவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அதே மனிதர், 'வேலையைப் பிறரிடம் பகிர்ந்து கொடுக்கத் தயங்கி நானே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். இப்போது வாரத் தொடக்கத்திலேயே யாருக்கு எது என்று எழுதிவைக்கப் பழகிவருகிறேன், இன்னும் முழுதாக வரவில்லை' என்றால் அது தாங்கக்கூடிய குறை. 'இன்னும் முழுதாக வரவில்லை' என்ற அந்தக் கடைசிச் சொற்றொடரைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பதிலை நம்பவைப்பது அதுதான்.

இரண்டாவது, குறை எந்தக் கட்டத்தில் சொல்லப்படுகிறது என்பது. அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1966இல் வெளியிட்ட சோதனை இங்கே பொருந்துகிறது. வினாடி வினாவுக்கான தேர்வில் ஒருவர் பேசும் ஒலிப்பதிவை மாணவர்கள் கேட்டார்கள். ஏறக்குறைய எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடை சொன்னவர் இறுதியில் தம்மேல் காப்பியைக் கொட்டிக்கொண்டபோது, கேட்டவர்களுக்கு அவரை முன்பைவிடக் கூடுதலாகப் பிடித்தது. சராசரியாக விடை சொன்னவர் அதே தவறைச் செய்தபோது அவர்மேல் இருந்த விருப்பமும் குறைந்தது. திறமை நிறுவப்பட்ட பிறகே குறை ஈர்ப்பாகிறது. வளாகத் தேர்வில் திறனறித் தேர்வும் டெக்னிக்கல் ரவுண்டும் முடிந்த பின்னரே பொதுவாக ஹெச்.ஆர். ரவுண்டு வருவதால், அங்கே மூன்றாம் வகைப் பதிலுக்குத் தளம் தயாராக இருக்கிறது. ஒரே அமர்வாக நடக்கும் வங்கி நேர்காணலில் அந்த வசதி இல்லை, வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அமைப்பான ஐ.பி.பி.எஸ். நடத்தும் பி.ஓ. தேர்வின் இறுதி மதிப்பெண்ணில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் 80:20 என்ற விகிதம் இருந்தாலும், எழுத்தில் வாங்கிய மதிப்பெண் உங்களுக்கு முன்னால் அறைக்குள் வந்து உட்கார்ந்து பரிந்து பேசாது. அந்தக் கேள்வி ஆரம்பத்திலேயே வந்துவிட்டால் இரண்டாம் வகையைச் சொல்லிவிட்டு, மூன்றாவதைத் துணைக் கேள்விக்கு வைத்துக்கொள்வது நல்லது.

எஸ்.எஸ்.பி.யில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. ஐந்து நாள் நடக்கும் அந்தத் தேர்வில் உளவியலாளர், குழுப் பணி அலுவலர், நேர்காணல் அதிகாரி என்று மூவர் தனித்தனியே ஒருவரை மதிப்பிட்டு, கடைசி நாள் கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தன்னைப் பற்றி எழுதும் தேர்வுக்கு 15 நிமிடம். பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எப்படிப்பட்டவராக விரும்புகிறீர்கள் என்று ஐந்து பார்வைகளில் எழுத வேண்டும். 'முடிவெடுக்கக் கொஞ்சம் தாமதிப்பேன்' என்று எழுதியவர் மைதானத்தில் நடக்கும் குழுப் பணியில் பலகையையும் கயிற்றையும் பார்த்தவுடன் மற்றவர்களைப் பேசவிடாமல் கட்டளையிட்டால், எழுதியது பாடம் செய்தது என்பது தெரிந்துவிடும். அம்மாவின் வாயில், 'கோபக்காரன்' என்றும், நண்பர்கள் வாயில், 'அமைதியானவன்' என்றும் வருவதில் தவறில்லை. வீட்டில் ஒரு மாதிரியும் வெளியில் ஒரு மாதிரியும் இருப்பதை அறிந்தவர் என்றுதான் அது காட்டுகிறது. ஆறு மாதம் பயிற்சி மையத்தில் செப்பனிட்ட பலவீனத்தைவிட இப்படிப்பட்ட முரண் மதிப்பு வாய்ந்தது என்பது என் கருத்து.

நான்காம் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடல்நலம், குடும்பத் தகராறு, முந்தைய மேலாளரோடு இருந்த மனக்கசப்பு ஆகியவை யாரும் கேட்காமல் நேர்காணல் மேசைக்கு வரத் தேவையில்லை. நேர்மைக்கும் எல்லாவற்றையும் சொல்வதற்கும் இடைவெளி உண்டு. விண்ணப்பத்திலேயே தெரிகிற ஒன்று கேட்கப்படும்போது மட்டும் நிலைமை மாறுகிறது. குடிமைப் பணித் தேர்வின் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு 275. அந்தக் குழுவின் முன் விண்ணப்பதாரரின் விரிவான விண்ணப்பப் படிவம் இருக்கிறது. படிப்பை முடித்த பிறகு நான்கு ஆண்டு எந்த வேலையிலும் இல்லாதது அதில் தெரியும். அதைக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவதே முறை. சுற்றி வளைத்தால் அடுத்த கேள்வியும் அதைப் பற்றியே வரும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் பதில், 'இங்கிலீஷ் கம்யூனிகேஷன்' என்பது. எனக்கு இதில் தயக்கம் உண்டு. எதிரே இருப்பவர் முதல் இரண்டு நிமிடத்திலேயே காதால் கேட்டுத் தெரிந்துகொண்டதை மறுபடி சொல்வதால் ஒரு வாய்ப்பு வீணாகிறது. குடிமைப் பணியின் ஆளுமைத் தேர்வைத் தமிழிலேயே எதிர்கொள்ள வழி இருப்பதால் அங்கே இதைக் குறையாகச் சொல்லவே தேவையில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு அன்றாடம் பேச வேண்டிய மென்பொருள் வேலைக்கு அது மையத்தைத் தொடுகிற குறை. எந்த முயற்சி எந்த அளவில் இருக்கிறது என்று ஆங்கிலத்திலேயே, தடுமாறினாலும், சொல்லிக் காட்ட முடிந்தால் மட்டும் அது எடுபடும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் உற்பத்திப் பிரிவுக்கு வந்தவருக்கோ அதே குறை எல்லைக்குட்பட்டது. அங்கே ஷிப்டில் உள்ள தொழிலாளர்களோடு தமிழில் சரளமாகப் பேசி வேலை வாங்கத் தெரிந்தவர், வாராந்தர அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதத் திணறுகிறேன், முந்தைய அறிக்கைகளைப் பார்த்து எழுதிப் பழகிக்கொள்வேன் என்று சொன்னால், கேட்பவருக்கு அடுத்த கேள்வி இயந்திரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.